வெள்ளைப் பறவை சாம்பலாவது ஏன்?

நவம்பர் பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில், முதுகில் கேமரா பையை மாட்டிக்கொண்டு பைக்கில் விரையும் இளைஞர்களைப் பார்க்கலாம். திருப்பாலைவனத்தில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் சிறிது நேரத்தில் ஏரிக்கரை. எல்லோருக்கும் வேண்டியது பூநாரை. மதியம் திரும்பும்போது கேமராவில் இருப்பவை அநேகமாக ஒரே மாதிரியான படங்கள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நின்ற பறவைகள் அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும். வேறு சில படங்களில் வானம் வெளுத்து ஒன்றுமில்லாமல் போயிருக்கும். வலை வீசிய மீனவரின் முகம் இருண்டிருக்கும். அடிவானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. கண் பார்ப்பதும் கேமரா பதிவதும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. இரண்டும் ஒன்றல்ல என்பதை விளங்கிக்கொள்ளப் பழவேற்காட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனைதான் திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. வடக்கே காளங்கியும் தெற்கே ஆரணியாறும் வந்து சேர்கின்றன. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. மலை இல்லை, காடு இல்லை, நிழல் அதிகம் இல்லை. மேலே வானம், கீழே அந்த வானத்தைத் திருப்பிக் காட்டும் தண்ணீர். மறைக்க எதுவும் இல்லாத இடத்தில் ஒளி செய்கிற வேலை முழுவதும் வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

முதலில் அந்தச் சாம்பல் பறவை. எந்தக் கேமராவுக்குள்ளும், எந்தக் கைபேசிக்குள்ளும் ஓர் ஒளிமானி உண்டு. எதிரில் இருக்கும் காட்சியிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று அது அளக்கிறது. ஆனால் அதிகமாக ஒளி வந்தால், வெயில் கடுமையா அல்லது எதிரில் இருப்பது வெள்ளைப் பொருளா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. அதனால் ஒரு சராசரியை வைத்துக்கொள்கிறது. விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல்தான் உலகம் என்று எடுத்துக்கொண்டு, காட்சி முழுவதையும் அந்த அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. ஊர்த்தெரு, தோட்டம், வீட்டு முற்றம் போன்ற இடங்களில் இந்தக் கணக்கு நன்றாகவே பலிக்கும். மினுங்கும் தண்ணீர், வெளிறிய வானம், நடுவே வெள்ளைப் பறவைகள் என்று வந்தால் பலிக்காது. ‘ஒளி மிக அதிகம்’ என்று முடிவுசெய்து கேமரா குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகும், தண்ணீர் மங்கும். இன்றைய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தேடிப்பிடித்து ஃபோகஸ் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டன. இருந்தாலும் ஒளி அளக்கும் அடிப்படைக் கணக்கு பழையதுதான்.

மருந்து எளிது. கேமராவில் கூட்டல், கழித்தல் குறியிட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதில் ஒரு ‘ஸ்டாப்’ கூட்டினால் ஒளி இரண்டு மடங்காகும். வெள்ளை மீண்டும் வெள்ளையாகும். கைபேசியில் பறவை இருக்கும் இடத்தைத் தொட்டு, திரையில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளினால் அதே வேலை நடக்கும். ஆனால் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் வற்றிக் கறுத்த சேறு விரிந்து கிடக்கும் நாளில், அதன் நடுவே ஒற்றைக் கொக்கு நின்றால் கணக்கு தலைகீழாகிவிடும். சேற்றின் கருமையைப் பார்த்துக் கேமரா ஒளியைக் கூட்டும். கொக்கு சிறகின் ஒரு கோடுகூடத் தெரியாத வெள்ளைத் திட்டாகிவிடும். அங்கே குறைக்க வேண்டும். ‘எதிரில் இருப்பது நடுத்தரமா, வெளுப்பா, கறுப்பா?’ என்ற ஒரு கேள்வியை ஷட்டரை அழுத்துமுன் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், புதியவர் பாதித் தூரம் கடந்துவிட்டார்.

கொக்கின் சிறகு அழிந்துபோனால் பிறகு கணினியில் மீட்க முடியாதா? முடியாது. காரணம் சென்சாரின் அமைப்பு. சென்சாரில் உள்ள கோடிக்கணக்கான பிக்சல்களில் ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளித்துகள்களை எலெக்ட்ரான்களாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. அது உப்பளத்துப் பாத்தி மாதிரி. நிறையும்வரை எவ்வளவு நீர் என்று அளந்து சொல்லலாம். நிறைந்தபின் எவ்வளவு கொட்டினாலும் வரப்பு மட்டம்தான். நிறைந்துவிட்ட பிக்சல்கள் எல்லாம் ஒரே எண்ணைச் சொல்லும். அங்கே சிறகு இருந்ததா, நுரை இருந்ததா என்ற தகவலே பதிவாகவில்லை. இருட்டின் கதை வேறு. நிழலில் கொஞ்சமாவது எலெக்ட்ரான் சேர்ந்திருக்கும். பிறகு கூட்டிப் பார்க்கலாம், புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், அவ்வளவே. வெயில் சூழ்ந்த ஏரியில் வெளுப்பைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் எங்கோ ஏதோ அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

கைபேசியின் சென்சார் விரல்நகத்தைவிடச் சிறியது. ஆகவே அது வேறு வழியில் ஈடுகட்டுகிறது: ஒரு தடவை அழுத்தினால் வெவ்வேறு ஒளி அளவில் பல படங்களை எடுத்து, நல்ல பகுதிகளை இணைத்து ஒரே படமாக்கித் தருகிறது. அசையாத காட்சிக்கு இது அருமையான ஏற்பாடு. கரையில் கட்டிய படகும் மேகமும் அழகாக வரும். சிறகடிக்கும் பறவைக்கு இரட்டைச் சிறகு முளைப்பதும், ஆடும் துடுப்பின் ஓரம் கரைந்துபோவதும் இந்த இணைப்பில் நேரும் பிசகு. அப்போது ‘எச்டிஆர்’ என்ற இந்த இணைப்பு வசதியை அணைத்துவிட்டு எடுத்தால் தீரும்.

இனி சூரியன். ‘பொன் நேரத்தில் எடு’ என்று எல்லா ஒளிப்பட நூல்களும் சொல்லும். ஏன் என்பது இயற்பியல். சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி, தலைக்கு மேலிருந்து வருவதைவிட 30 மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வருகிறது. காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். நீல ஒளி சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். வழியில் நீலம் உதிர்ந்துபோக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சி வந்து சேர்கின்றன. வலுவும் குறைந்திருப்பதால் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு சென்சார் தாங்கும் அளவுக்குள் அடங்குகிறது.

ஆனால் அந்த நூல்களில் பல ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. லண்டனில் சூரியன் சாய்வாக ஏறும். மார்ச், செப்டம்பரில் அங்கே மணிக்கு 9 பாகை உயரத்துக்குச் சற்று மேலேதான் எழும். 13 பாகை வடக்கில் இருக்கும் பழவேற்காட்டில் ஏறக்குறைய செங்குத்தாகக் கிளம்பி மணிக்கு 14 பாகைக்கு மேல் ஏறிவிடும். அங்கே நாற்பது நிமிடம் நீடிக்கும் அந்த இளம் வெயில் இங்கே இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ‘சூரியன் வந்ததும் போகலாம்’ என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் அன்றைய ஒளி கைநழுவிப் போகும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். கண்குழிகளில் நிழல் விழுந்து எந்த முகமும் களைத்துத் தெரியும். டிசம்பரிலோ உச்சிப்பொழுதில்கூட 53 பாகை உயரம்தான். வலசைப் பறவைகள் வரும் பருவமும் ஒளி சாய்ந்து விழும் பருவமும் ஒன்றாக அமைந்திருப்பது இந்த ஏரிக்குக் கிடைத்த கொடை.

எந்தக் கரையில் நிற்பது என்பதும் இதைச் சேர்ந்ததே. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு நீண்டு கிடக்கிறது. லைட் ஹவுஸ் குப்பம் அதன்மேல் இருக்கிறது. பழவேற்காடு ஊர் மேற்கே ஏரியின் இந்தப் பக்கம். இரண்டையும் ஒரு பாலம் இணைக்கிறது. காலையில் ஊர்ப்பக்கம் நின்று கிழக்கே பார்த்தால் சூரியன் லென்ஸுக்குள் நேராக அடிக்கும். படகும் ஆளும் கரிய உருவங்களாகவே கிடைக்கும். அதே நேரம் பாலத்தைத் தாண்டி மணல்திட்டில் நின்று மேற்கே ஏரியைப் பார்த்தால், ஒளி முதுகுப் பக்கத்திலிருந்து போய்ப் படகின் வண்ணத்தையும் வலையின் கண்ணியையும் துலக்கிக் காட்டும். மாலையில் இது மாறும். ஒரு கிலோமீட்டர் இடம் மாறுவது, புதிய லென்ஸ் வாங்குவதைவிட அதிகமாகப் படத்தை மாற்றும் என்பதை ஒரே காலைப்பொழுதில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

ஒளியின் திசை என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சாட்சி ஊருக்குள்ளேயே இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகத்துக்குப் பல பத்தாண்டுகள் இதுவே தலைமையிடம். கோட்டை சிதைந்துவிட்டது. கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே 17-ஆம் நூற்றாண்டுப் பலகைக் கற்களில் டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும். நண்பகலில் ஒரு கல்லைப் படம் எடுத்தால் தட்டையான சாம்பல் பாறைதான் கிடைக்கும். எழுத்து இருந்த சுவடே மங்கிவிடும். மாலை நாலரைக்குமேல், ஒளி கல்லின் பரப்பை ஒட்டிச் சாய்ந்து வரும்போது அதே கல்லுக்கு முன் நின்றால், ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மெல்லிய நிழலுமாக எழுந்து வரும். கல்வெட்டு படிப்பவர்கள் டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பது இதற்காகத்தான். கேமராவிலேயே ஃப்ளாஷ் இருக்கிறதே என்று நேருக்கு நேராக அடித்தால் நிழல் முழுக்க எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், கல் மறுபடியும் தட்டையாகிவிடும். முகத்துக்கும் இதே விதிதான்.

தண்ணீர் இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. கரையோரம் நிற்பவரின் கண்ணுக்குத் தெரியும் நண்டு படத்தில் தெரியாமல் போகும். வானத்தின் பிரதிபலிப்பு அதை மூடிவிடும். இதைக் கையாண்ட தமிழர்களில் முதன்மையானவர் ஓர் ஒளிப்படக்காரர் அல்லர், திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன். 1921-இல் இங்கிலாந்திலிருந்து நார்க்குண்டா கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை உறுத்தியது. வானம் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலம் என்று இயற்பியலாளர் லார்டு ராலே சொல்லியிருந்தார். ராமன் கையில் இருந்த நிக்கோல் பட்டகம் என்ற சிறு படிகக் கருவியால், குறிப்பிட்ட கோணத்தில் பார்த்து அந்தப் பிரதிபலிப்பை அணைத்தார். நீலம் மறையவில்லை; முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தது. நிறம் நீருக்குள்ளேயே ஒளி சிதறுவதால் வருகிறது என்ற முடிவு அங்கே பிறந்தது. அந்தத் தேடல் 1928-இல் ராமன் விளைவுக்கும் 1930-இல் நோபல் பரிசுக்கும் கொண்டுசென்றது.

நிக்கோல் பட்டகம் செய்த வேலையைத்தான் இன்று லென்ஸ் முன்னால் திருகி மாட்டும் போலரைசர் ஃபில்டர் செய்கிறது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். செங்குத்திலிருந்து 53 பாகைக் கோணத்தில் தெறிப்பது முழுக்கவே அப்படி. ஃபில்டரைச் சுழற்றி அந்தத் தளத்தைத் தடுத்தால் பிரதிபலிப்பு காணாமல் போகும். நிற்பவரின் கண் உயரத்துக்கு இந்தக் கோணத்தைக் கணக்கிட்டால், காலடியிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் தண்ணீர் வரும். அங்கேதான் ஃபில்டர் முழு வித்தையையும் காட்டும். தூரத்து ஏரிக்கு அவ்வளவு பயன் இல்லை. போதாக்குறைக்கு ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஒளியையும் தின்றுவிடும். கைபேசி வைத்திருப்பவர் ஃபில்டர் தேடி அலைய வேண்டாம். போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை லென்ஸுக்கு முன் பிடித்து மெல்லச் சுழற்றினால் போதும், நீருக்கடியில் மணலின் வரிகள் தெரியத் தொடங்கும்.

பழவேற்காட்டில் படம் எடுக்க வருபவர் எல்லோரும் ஆசைப்படும் காட்சி வீச்சு வலை. இடுப்பளவு நீரில் நிற்பவர் வலையின் ஒரு பகுதியைக் கையில் மடித்துப் பிடித்து, ஒரு மடிப்பை முழங்கையில் போட்டு, உடம்பை ஒரு திருப்புத் திருப்பி விடுவார். ஓரத்தில் கோத்த ஈயக் குண்டுகள் வெளியே இழுக்க, வலை வட்டமாக விரிந்து ஒரு கணம் காற்றில் நின்று நீரில் விழும். புதியவர் அந்த வட்டத்தைப் பார்த்ததும் அழுத்துவார். படத்தில் வலை பாதி நீருக்குள் போயிருக்கும். கண்ணில் பட்டது விரலுக்கு வந்து சேர மனிதருக்கு ஏறக்குறைய கால் விநாடி ஆகும். கேமராவும் தன் பங்குக்குச் சிறிது எடுத்துக்கொள்ளும். ஆகவே பார்த்தபின் அழுத்தினால் பிந்திவிட்டது என்றே பொருள். மீனவரின் தோளைக் கவனிக்க வேண்டும். ஒருவர் வீசுவதை நாலைந்து முறை கேமராவைத் தொடாமல் பார்த்தால், இடுப்பு திரும்பி வலது தோள் முன்னே வரும் நொடி பிடிபட்டுவிடும். அழுத்த வேண்டியது அப்போது.

வேகம் எவ்வளவு வைப்பது? பழைய ஃபிலிம் காலத்து விதி ஒன்று இன்றைக்கும் உதவும். தெளிந்த வெயிலில் லென்ஸின் துளையை எஃப் 16 வைத்தால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) எண்ணின் தலைகீழ்: ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 விநாடி. துளையை எஃப் 5.6-க்குத் திறந்தால் எட்டு மடங்கு ஒளி. வேகத்தை 1/800 ஆக்கலாம். ஐஎஸ்ஓவை 200 ஆக்கினால் 1/1600 கிடைத்துவிடும். வலை நுனியிலிருந்து சிதறும் நீர்த்துளிகளும் அந்த வேகத்தில் உறைந்து நிற்கும். மணிக்கு 50 கிலோமீட்டரில் பறக்கும் பூநாரை 1/100 விநாடியில் 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், 1/1600-இல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவே. கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண டெலி லென்ஸே இதற்குப் போதும், வெயில் இருக்கும்வரை. விடியலில் ஒளி குறையும்போது ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றத் தயங்கக் கூடாது. கொஞ்சம் இரைச்சலோடு கூர்மையான படம், இரைச்சலில்லாமல் குழம்பிய படத்தைவிட எவ்வளவோ மேல்.

பறவைக்கு வருவோம். ஏமாற்றம் அதிகம் நேர்வது இங்கேதான். 200 மீட்டர் தொலைவில் நிற்கும் ஒன்றேகால் மீட்டர் உயரப் பூநாரையை 250 மி.மீ. லென்ஸில் எடுத்தால் சென்சாரில் அதன் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். சட்டத்தின் உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நூலட்டைகளில் பார்த்த முகப்புப் படம் இதில் வராது. உடனே மனம் கிட்டப் போகத் துடிக்கும். அதைச் செய்யவே கூடாது. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சின்னஞ்சிறு உயிர்களை வடிகட்டித் தின்னும் பறவை அது. ஒவ்வொரு தடவை கூட்டம் கலைந்து எழும்பும்போதும் தின்ற வலு வீணாகிறது, தின்னும் நேரமும் போகிறது. பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிவதும் கைதட்டிக் கலைப்பதும் சரணாலயத்துக்குள் குற்றம் என்பது ஒருபுறம். பசித்த உயிரின் வாயிலிருந்து உணவைப் பிடுங்குவது என்பதே முதற்காரணமாக இருக்க வேண்டும். படகில் போகலாமே என்பவர்களுக்கும் ஒரு சொல்: 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், அதற்குப் பின் உல்லாசப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது.

பெரிய லென்ஸ் இருந்தாலும் பத்து மணிக்குமேல் பயன் குறைவு. சூடேறிய சேற்றின்மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து கொந்தளிக்க, அவற்றின் ஊடே வரும் ஒளி வளைந்து வளைந்து வரும். பறவையின் கால் நெளியும், கழுத்து கரையும். ஃபோகஸ் சரியில்லை என்று கடைக்காரரிடம் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. குற்றம் காற்றில் இருந்தது.

சின்ன லென்ஸுக்கு ஏற்ற படம் வேறு. நூறு பூநாரைகள் ஒரு நீண்ட இளஞ்சிவப்புக் கோடாக நிற்க, முன்னால் வலை கட்டிய கழிகள், பின்னால் வானத்தில் பாதி. பறவை எங்கே வாழ்கிறது, யாரோடு ஏரியைப் பகிர்ந்துகொள்கிறது என்பதை அந்தப் படம் சொல்லும். இறகு இறகாக எடுத்த முகப்புப் படம் அதைச் சொல்லாது. சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒட்டிய கேமரா ஒன்றை வைத்திருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைகளும் பறவைகளும் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், அந்த விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததே.

ஏரியில் அந்த அறிவு மீனவர்களிடம் இருக்கிறது. ஏற்றவற்றம் எப்போது திரும்பும், எந்தச் சேற்றுத் திட்டு எத்தனை மணிக்கு வெளியே தெரியும், பறவை அங்கே எப்போது இறங்கும் என்று எந்தச் செயலியைவிடவும் அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். பாடு முறையில் மீன்பிடி இடங்கள் குப்பங்களுக்கும் ஆட்களுக்கும் முறைவைத்து மாறி வருவதால், இன்று வலை கட்டியிருக்கும் ஆள் நாளை அதே இடத்தில் இருக்க மாட்டார். ‘நாளைக்கு யார் பாடுண்ணே?’ என்று கேட்டுவைத்துக்கொள்ளும் படக்காரருக்கு இடமும் கிடைக்கும், உறவும் கிடைக்கும்.

மனிதர்களைப் படமெடுப்பதில்தான் அறிவியலோடு மரியாதையும் கலந்துவிடுகிறது. உச்சி வெயிலில் மீனவர் ஒருவரை வானத்துக்கு எதிரே நிறுத்தி எடுத்தால் முகம் கறுத்துவிடும். ஒளிமானி வானத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டது. இரண்டு அடி நகர்ந்து, பின்னால் வானத்துக்குப் பதில் படகின் பக்கப்பலகை வருமாறு நின்றால் போதும். இன்னும் நல்ல இடம் வலை சீர்படுத்தும் கொட்டகை. மேலே கூரை நேர்வெயிலை மறைக்கும். வெளியே விரிந்த மணல் ஒளியைக் கீழிருந்து முகத்துக்கு அனுப்பும். ஸ்டுடியோக்காரர்கள் வெள்ளைத் தட்டிகளை வைத்துச் செய்வதை மணல் இலவசமாகச் செய்கிறது. கண்களில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி விழும். முகம் உயிர்பெறும்.

கறுத்த மேனிக்கு ஒளிப்படத் தொழில் நெடுநாள் நியாயம் செய்யவில்லை. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த மேனிக்கு ஏற்பவே நிறங்கள் திருத்தப்பட்டன. கறுத்த முகங்கள் விவரமில்லாமல் மங்கின. பல ஆண்டுகளுக்குப் பின் ஃபிலிம் மேம்பட்டதற்கு ஒரு காரணம், சாக்லேட்டின் நிறமும் மரச்சாமானின் நிறமும் சரியாக வரவில்லை என்று விளம்பரதாரர்கள் முறையிட்டது. மனிதர்களுக்காக அல்ல! 2021-இல் வந்த சில கைபேசிகள்தாம் கறுத்த மேனியை அதன் நிறத்திலேயே பதிவதைத் தனி வசதியாக விளம்பரம் செய்தன. இன்றும் பல கைபேசிகளில் ‘அழகு’ வசதி தானாகவே இயங்கி முகத்தை வெளுக்கும், சுருக்கத்தை அழிக்கும். கடல் வெயிலில் ஐம்பது ஆண்டு உழைத்த முகத்தின் கோடுகளை ஒரு மென்பொருள் துடைத்தெறிவதைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை. அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிட வேண்டும்.

நீருக்குள் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், பறியின் கயிற்றைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். வாய் திறந்து ‘எடுக்காதே’ என்று சொல்லக்கூட முடியாத நிலை அது. அவர்கள் கரையேறும்வரை காத்திருந்து கேட்டுவிட்டு எடுப்பதே முறை.

மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனி குமாரின் படங்களைப் புதியவர்கள் பார்க்க வேண்டும். அவருடைய அம்மா மீன் விற்று வீட்டைக் காத்தவர். அம்மாவின் வாழ்க்கையே அவருடைய முக்கியமான படத்தொகுப்புகளில் ஒன்று. மலக்குழி மரணங்களைப் பேசிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு (2017) ஒளிப்பதிவு செய்தவர். ஊரக இந்திய மக்களின் காப்பகமான ‘பாரி’யில் பணியாற்றும் இவருக்கு, தயானிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருது முதல்முறையாக 2022-இல் வழங்கப்பட்டது. ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களை அவர் எடுத்த படங்களில் ஒளி நுட்பம் அபாரம். ஆனால் அந்த நுட்பத்துக்கு முன்னால், அந்தப் பெண்கள் கேமராவுக்குப் பழகும்வரை பழகிய பொறுமை இருக்கிறது. தூரத்திலிருந்து டெலி லென்ஸில் திருடிய முகத்துக்கும், ஒன்றரை மீட்டரில் அமர்ந்து பேசிக்கொண்டே எடுத்த முகத்துக்கும் இடையில் உள்ள வேறுபாட்டைப் பார்க்கிறவர் உடனே உணர்வார்.

பயிற்சிக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, ஏரிக்கே பயன்படும் ஒரு வேலை உண்டு. ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளை ஒரே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் படமெடுத்து, அவை நகர்வதையும் சுருங்குவதையும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அளக்கத் தொடங்கினார்கள். பழவேற்காட்டின் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்வது மீனவர்களின் நெடுநாள் கவலை. முகம் அடைத்தால் கடல்நீர் வராது, இறாலும் மீனும் ஏரிக்குள் ஏறாது, படகு வெளியே போகாது. மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே உயரத்தில், அதே லென்ஸ் நீளத்தில், ஏற்றமா வற்றமா என்று குறித்துக்கொண்டு முகத்துவாரத்தை ஒரு படம் எடுத்துவந்தால் ஒரு பருவச் சுற்றில் மணல் எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும். அடிவானத்தை நேராக வைப்பது, வெளுப்பைக் காப்பது, ஒளியின் திசை பார்ப்பது எல்லாமே இந்த ஒரு படத்துக்குள் பயிற்சியாகும். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலக்கோப்பை அழித்துவிடக் கூடாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த நாள், நேரம், இடம், ஷட்டர் வேகம் என்று கோப்புக்குள் பதிந்திருக்கும் குறிப்புகளையும் நீக்கிவிடும். மூலக்கோப்பை ஒரு பென்டிரைவிலும், கிராமத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் இன்னொரு பிரதியாகவும் கொடுத்துவைக்கலாம்; முகத்துவாரம் தூர்வாரக் கேட்டு மனு எழுதும் நாளில் ஊர்க்காரர்கள் அதை இணைத்துக்கொள்வார்கள்.